மூழ்குகிற தண்ணீரைப் பார்க்கப் போனேன்

செங்கம் ரோட்டில் மெஸ் நடத்துகிறவளுக்கு வெளிநாட்டுக்காரர்கள் புதிதில்லை. ஆசிரமத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காலை இட்லி என் கையால்தான். காரம் கம்மி, எண்ணெய் கம்மி, சர்க்கரை வேண்டாம் என்று எந்த நாட்டுக்காரர் எந்த மொழியில் சொன்னாலும் எனக்குப் புரிந்துவிடும். அடுக்களை இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அவர்கள் ஊருக்கு நானும் ஒருநாள் போய் நிற்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

போக வைத்தவள் என் மகள் நித்யா. கடலைப் படிக்கிறவள். கடலே இல்லாத திருவண்ணாமலையில் பிறந்த பெண்ணுக்கு இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. நார்வேக்கும் வட துருவத்துக்கும் நடுவில் ஸ்வால்பார்ட் என்று சில தீவுகள் இருக்கின்றன. அங்கே மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே நுழைந்திருக்கும் கடலில், போன வருஷம் அவள் சில கருவிகளை இறக்கிவிட்டு வந்திருந்தாள். அடியில் நங்கூரம், மேலே கயிறு, கயிற்றில் கருவிகள், உச்சியில் மிதவை. எல்லாமே தண்ணீருக்குள். ஒரு வருஷம் முழுக்க அவை அங்கேயே நின்று தண்ணீரின் குளிரையும் உப்பையும் ஓட்டத்தையும் பதிவு செய்துகொண்டிருக்கும். இப்போது அவற்றை எடுக்க வேண்டும்.

போனில் அவள் சொன்னது இது. "கருவி மேல வந்துச்சுன்னா இன்னும் சில வருஷம் இங்கதாம்மா வேலை. வரலைன்னா என்கிட்ட காட்ட ஒண்ணும் இல்ல. ஊருக்கே வந்துடறேன். அங்க காலேஜ்ல கூப்பிடறாங்கன்னு மாமா சொன்னாரே, அதுலயே சேர்ந்துக்கறேன்."

மாமா என்றால் என் அண்ணன். வேங்கிக்காலில் புது வீடு கட்டியிருக்கிறார். மாடியை எனக்கும் அவளுக்கும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார். அவளுடைய அப்பா போன பிறகு எனக்கு அவளை விட்டால் யாருமில்லை. ஆகவே அந்தக் கருவி வராமல் போனால் எனக்கு நல்லது. இதை வெளியில் சொல்ல முடியுமா? "கடைசியா ஒரு தடவை அந்த ஊரைப் பார்த்துட்டு, கையோட அவளைக் கூட்டிட்டு வந்துடு" என்று அண்ணன் என்னை அனுப்பி வைத்தார். நானும் அந்த நினைப்பில்தான் கிளம்பினேன்.

போய் இறங்கியதும் பெட்டி வரவில்லை. நான் ஒரு தீவுக்கு வந்துவிட்டேன், என் கம்பளிகள் வேறு எங்கோ. கைப்பையில் வைத்திருந்த பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் மட்டும் தப்பித்தன. ஆகஸ்ட் மாதக் கடைசி. நம் ஊரில் பகலில் மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது. அங்கே விமானத்தின் கதவைத் திறந்ததும் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நித்யா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். இளைத்திருந்தாள். கன்னம் காற்றில் வெடித்து, உதடு கறுத்து, ஆனால் கண் மட்டும் அப்படி மின்னியது. அம்மாவைப் பார்த்த மினுமினுப்பு பாதி, மறுநாள் வேலை நினைப்பு பாதி என்று எனக்குத் தெரியாதா?

அந்த ஊரில் எனக்கு முதலில் பிடித்துப்போனது, விடுதிக்குள் நுழையும்போதே செருப்பைக் கழற்றச் சொன்னது. அருங்காட்சியகத்திலும் அப்படியே. முன்பு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் கரியோடு உள்ளே வராமல் இருக்க ஏற்பட்ட பழக்கமாம். என் மெஸ் வாசலில் பூட்ஸோடு நுழைகிறவர்களிடம் தினமும் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறேன். இவர்கள் ஊரிலேயே இப்படி ஒரு வழக்கம் இருப்பதை இத்தனை வருஷம் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.

ஊர் எல்லையில் வெள்ளைக் கரடி படம் போட்ட எச்சரிக்கைப் பலகை. அதைத் தாண்டிப் போகிறவர்கள் துப்பாக்கியோடுதான் போக வேண்டும். கிரிவலப் பாதையில் குரங்குக்காகக் குச்சி வைத்துக்கொள்கிறோமே, அதைப் போல அவர்களுக்கு இது. ஒரு மரம் இல்லை. தக்காளி விமானத்தில் வருகிறது. கடையில் அதன் விலையைப் பார்த்துவிட்டு, ரசம் வைத்தால் தக்காளி இல்லாமல்தான் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் ஊரெல்லாம் மூடுபனி. படகில் சமைக்க வேண்டியவர் வருகிற விமானம் இறங்காமல் திரும்பிப் போய்விட்டது. படகின் கேப்டன் ஆர்னே, பனை மரம் மாதிரி உயரம், கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு துறைமுகத்தில் நின்றார். ரொட்டியையும் டப்பா மீனையும் வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, நித்யா என்னைக் கை காட்டினாள். "என் அம்மா தினமும் நூறு பேருக்குச் சமைக்கிறவள்" என்றாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். புடவைக்கு மேல் மகளுடைய கம்பளிச் சட்டை, காலில் அளவு சேராத பூட்ஸ். "கடலில் வாந்தி வருமா?" என்று கேட்டார். "கல்வராயன் மலைக்கு பஸ்ஸில் போயிருக்கிறேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனால் சேர்த்துக்கொண்டார்.

இப்படித்தான் நான் அந்தப் படகில் ஏறினேன். ஆர்னே, கருவிகளைக் கவனிக்கிற இங்ரிட் என்ற பெண், நித்யா, நான். தண்ணீரில் விழுந்தாலும் மிதக்க வைக்கிற ஆரஞ்சு நிற உடுப்பு ஒன்றை எனக்கு மாட்டிவிட்டார்கள். அதைப் போட்டுக்கொண்டு நிறைமாதப் பிள்ளைத்தாச்சி போல நடந்தேன். அன்றைக்கு மதியம் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். சாயங்காலம் மிளகு ரசம். ஆர்னே ஒரு வாய் குடித்துவிட்டு, கண் கலங்க, "இது சூப்பா, மருந்தா?" என்று கேட்டார். "இரண்டும்தான்" என்றேன். மறுபடி கிண்ணத்தை நீட்டினார். இங்ரிட் பருப்புப்பொடியை ரொட்டியில் தூவித் தின்றாள். எங்கள் மெஸ்ஸில் இப்படி ஒரு அநியாயத்தை நான் அனுமதித்ததில்லை. அங்கே பொறுத்துக்கொண்டேன்.

இரண்டு பக்கமும் கறுத்த மலைகள், அவற்றின் இடுக்கில் நீல நிறப் பனியாறு. தண்ணீர் கண்ணாடி மாதிரி. இவ்வளவு அழகான இடத்தில் என் மகள் கீழே குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாமான் கழுவிக்கொண்டே கேட்டேன். "அப்படி என்னடி இருக்கு இதுக்குள்ள? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"அம்மா, நம்ம மெஸ்ல எலுமிச்சை ஜூஸை பாட்டில்ல ஊத்தி ஃப்ரீசர்ல வைப்பியே, பாதி உறைஞ்சதும் எடுத்தா என்னாகும்?"

"முதல்ல ஊத்தறது தித்திப்பு ஜாஸ்தின்னு கத்துவாங்க. கடைசில நிக்கற ஐஸ் வெறும் தண்ணி மாதிரி சப்புனு இருக்கும்."

"அதேதான். தண்ணி உறையறப்ப சர்க்கரையைத் தனக்குள்ள விடாது, வெளிய தள்ளிடும். கடலும் அப்படித்தான். உறையறப்ப உப்பை வெளிய தள்ளிடும். அப்ப ஐஸுக்குக் கீழ இருக்கற தண்ணியில உப்பு ஏறிடுது. ஏற்கனவே பயங்கரக் குளிர். உப்பும் ஏறினா கனம் ஜாஸ்தியாயிடும். கனம் ஆனா?"

"முங்கிடும்."

"முங்கி, தரையோட தரையா நகர்ந்து, இந்தக் கடலோட வாயில இருக்கற மேட்டைத் தாண்டி, வெளிய இருக்கற ஆழத்துல சரிஞ்சு விழும்."

நான் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஃப்ரீசரில் தினமும் பார்க்கிற விஷயம். வாடிக்கையாளர் திட்டினால் பாட்டிலைக் குலுக்கி ஊற்றுவேனே தவிர, ஏன் என்று யோசித்ததில்லை.

"ஐஸ் மூடிட்டா அப்புறம் உறையறது கம்மியாயிடாதா?" என்று கேட்டேன்.

அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "அதைத்தாம்மா நானும் முதல்ல கேட்டேன். இங்க குளிர்காலத்துல மலைப் பக்கத்துலேர்ந்து காத்து அடிக்கும். உறைஞ்ச ஐஸை அப்படியே கடலுக்குத் தள்ளிட்டுப் போயிடும். மறுபடியும் தண்ணி வெளிய தெரியும், மறுபடியும் உறையும், மறுபடியும் உப்பைக் கக்கும். குளிர்காலம் பூரா இதே வேலை."

தோசைக்கல் நினைவுக்கு வந்தது. சுட்டதை எடுத்தால்தானே அடுத்ததை ஊற்ற முடியும். சொன்னேன். சிரித்தாள். தன்னுடைய பேராசிரியரிடம் சொல்வதாகச் சொன்னாள்.

இப்படி மூழ்குவது இந்த ஓரிடத்தில் மட்டும் இல்லையாம். வடக்கே சில இடங்கள், தென் துருவத்தைச் சுற்றிச் சில இடங்கள். சில இடங்களில் உப்பு சேர்ந்து மூழ்கும், சில இடங்களில் குளிர்காற்றில் ஆறியே மூழ்கும். எல்லாவற்றிலும் கனமானது தென் துருவத்துத் தண்ணீர். அது எல்லாப் பெருங்கடல்களின் அடியிலும் மெல்லப் பரவுகிறது. மேலே இருந்து மூச்சுக்காற்றையும் கூடவே கொண்டு போகிறது. அதனால்தான் வெளிச்சமே போகாத ஆழத்திலும் உயிர்கள் பிழைத்துக் கிடக்கின்றன. போன தண்ணீரின் இடத்தை நிரப்ப மேலே வேறு தண்ணீர் வருகிறது. ஆழத்துக்குப் போன தண்ணீரும் எங்கெங்கோ சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி வருகிறது.

"பாண்டிச்சேரிக்குப் போனமே, அந்தக் கடல்ல ரொம்ப உள்ள போய் அடி வரைக்கும் இறங்கினா, அங்க தண்ணி ஜில்லுனு இருக்கும்மா. மேல கொதிக்குது, கீழ ஜில்லு. அது தென் துருவத்துல முங்கி, அங்கேர்ந்து தரையோட வந்த தண்ணி."

"வர எவ்ளோ நாளாகும்?"

"பல நூறு வருஷம்."

"அப்ப நம்ம கோயில்ல ராஜகோபுரம் கட்டறப்ப கிளம்பினதா?"

"அதுக்கும் முன்னாடி கூட இருக்கலாம்."

எங்கள் ஊர்க் கோபுரத்தை விடப் பழைய பயணம் ஒன்று நாங்கள் கால் நனைத்த கடலுக்கு அடியில் நடந்துகொண்டிருக்கிறது. யாரும் தள்ளவில்லை, மோட்டார் இல்லை. கொஞ்சம் உப்பு, கொஞ்சம் குளிர். இதைக் கண்டுபிடித்த மனிதர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம் என்று தோன்றியது.

"இப்ப பனியாறெல்லாம் உருகி நல்ல தண்ணி ஜாஸ்தியா வந்து மேல மிதக்குதும்மா. உறையறதும் கம்மியாகுது. முங்கறது குறையுதானு பார்க்கணும். அதுக்குத்தான் வருஷம் பூரா அளக்கறது" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள். அவளுடைய குரலில் இருந்தது பயம் என்று எனக்குப் புரிந்தது. கருவி வராவிட்டால் அந்தக் குளிர்காலம் போனது போனதுதான். திரும்ப அளக்க முடியாது.

அடுத்த நாள் காலை அந்த இடத்தில் படகு நின்றது. எப்படி எடுப்பார்கள் என்பதே எனக்கு அதிசயமாக இருந்தது. படகின் வலது பக்கம் கம்பியில் ஒரு பெட்டியைத் தண்ணீருக்குள் விட்டார்கள். அது கத்தும். அடியில் இருக்கிற கொக்கி அந்தக் கத்தலைக் கேட்டு, பதில் குரல் கொடுத்து, தன்னை அவிழ்த்துக்கொள்ளும். நங்கூரம் அங்கேயே தங்கிவிடும். அது பழைய ரயில் சக்கரமாம். மிதவை மட்டும் கருவிகளை இழுத்துக்கொண்டு மேலே வரும். கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் இருப்பவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்புவது போல இருந்தது.

இங்ரிட் காதில் மாட்டிய கருவியோடு குனிந்து கேட்டாள். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். "அவிழ்ந்துவிட்டது." எல்லோரும் வலது பக்கக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தோம்.

வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் வர வேண்டியது. நான் உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தேன். காபி ஆறியது. வரவில்லை. கயிறு எதிலாவது சிக்கியிருக்கலாம், மிதவை உடைந்திருக்கலாம், பனிப்பாறை உரசி இழுத்துப் போயிருக்கலாம் என்று இங்ரிட் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் நித்யாவின் முகம் ஒரு படி இறங்கியது. கடல் வாய்ப் பக்கத்திலிருந்து மூடுபனி வேறு சுவர் மாதிரி நகர்ந்து வந்தது. அது மூடினால் பக்கத்தில் இருக்கிற பனிக்கட்டிகள் தெரியாது, படகு நிற்கக் கூடாது என்று ஆர்னே சொல்லிவிட்டார்.

நான் கேட்டுக்கொண்டு வந்தது நடக்கப் போகிறது. அவள் என்னோடு வரப் போகிறாள். ஆனால் நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நித்யா அழவில்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்றைக்கு நின்ற மாதிரி, உதட்டைக் கடித்துக்கொண்டு, இமைக்காமல் நின்றாள்.

என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வியாதி. பரீட்சையோ ஆஸ்பத்திரியோ வழக்கோ, எதற்காவது காத்திருக்க வேண்டியிருந்தால் கால் தானாக மலையைச் சுற்றக் கிளம்பிவிடும். அங்கே மலையைச் சுற்ற முடியுமா? படகின் நடுவில் ஆர்னே ஓட்டுகிற அறை இருந்தது. அதை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்ற ஆரம்பித்தேன். இடது பக்கமாக முன்னால் போய், படகின் மூக்கைக் கடந்து, வலது பக்கமாகப் பின்னால் வந்து, ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

மூன்றாவதிலோ நான்காவதிலோ, பின்பக்கம் வரும்போது ஆர்னே கையை நீட்டித் தடுத்தார். பெட்டியைத் தூக்குவதற்காகக் கம்பியைக் குறுக்கே இழுத்துக் கட்டியிருந்தார்கள். "இங்கே போக முடியாது. வந்த வழியே திரும்பிப் போங்கள்" என்றார்.

"திரும்பக் கூடாது" என்றேன்.

"ஏன்?"

இதற்கு இங்கிலீஷில் எப்படிப் பதில் சொல்வது? ஆரம்பித்த சுற்றைப் பாதியில் விட்டுத் திரும்பி நடப்பதை எங்கள் ஊரில் குழந்தை கூடச் செய்யாது. இடது சுற்று வந்தால் அமங்கலம். "ஒரே பக்கம்தான். இந்தப் பக்கம்தான்" என்று மட்டும் சொன்னேன். அவர் நித்யாவைப் பார்த்தார். அவள் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அவளைப் போக விடுங்கள், திரும்ப மாட்டாள்" என்றாள். ஆர்னே பெருமூச்சு விட்டு, கம்பியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். தீபத்தன்று போலீஸ்காரர் கயிற்றைத் தூக்குவாரே, அந்த மாதிரி. நான் குனிந்து அடியில் நுழைந்து இடது பக்கம் வந்தேன்.

அந்தப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. எல்லோரும் கூப்பிட்ட பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படகும் மெல்ல நகர்ந்திருந்தது. தூரத்தில், மூடுபனியின் விளிம்பில், என் உடுப்பின் நிறத்தில் ஒரு புள்ளி ஏறி இறங்கியது. பனிக்கட்டியில் வெளிச்சம் படுகிறது என்று முதலில் நினைத்தேன். மறுபடி ஏறியது.

எனக்குப் பின்னால் ஆர்னே இன்ஜினைக் கிளப்பப் போனார். மூடுபனி அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் போதும். ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும். வேங்கிக்கால் மாடி, காலையில் காலேஜுக்குக் கிளம்புகிற பெண், சாயங்காலம் வந்து "என்னம்மா டிபன்" என்று கேட்கிற குரல் எல்லாம் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. ஒரு மூச்சு நேரம் நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு கத்தினேன். "நித்யா! இந்தப் பக்கம்! இந்தப் பக்கம்டி!"

அவள் ஓடி வந்த வேகத்தில் படகே ஆடியது. பார்த்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். இங்ரிட் தன் பாஷையில் ஏதோ கூவினாள். ஆர்னே படகைத் திருப்பிய வேகத்தில் உள்ளே காபிக் குவளைகள் உருண்டன. நீரோட்டம் இழுத்துப் போயிருந்த மிதவையை நீளக் கொக்கியால் மாட்டி இழுத்தார்கள். கயிறு வர வர, பாசி பிடித்த கருவிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. நித்யா ஒவ்வொன்றையும், குழந்தையின் முகத்தை முந்தானையால் துடைக்கிற மாதிரி, தன் சட்டைக் கையால் துடைத்தாள்.

அன்று சாயங்காலம் கணினியில் எனக்கு ஒரு கோடு காட்டினாள். "இதோ பாரும்மா. குளிர் இறங்கி இறங்கி உறையற அளவுக்கு வந்துடுச்சு. இது உப்பு. காத்து அடிக்கறப்பல்லாம் ஒரு படி ஏறுது பாரு. இங்க, தை மாசம், அடித்தண்ணி வெளிய ஓட ஆரம்பிக்குது."

தை மாதம் நான் மெஸ் வாசலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில் இங்கே, சூரியனே வராத இருட்டில், யாரும் பார்க்காமல் கடல் உப்பைக் கக்கிக் கக்கி, தண்ணீரைக் கனமாக்கி, பல நூறு வருஷப் பயணத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கு ஒரே சாட்சி என் மகள் இறக்கிவிட்ட கருவி. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவளைப் பெற்றதற்காக ரொம்பப் பெருமைப்பட்டேன். கொஞ்சம் அழுதேன். ரசத்தின் காரம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்கு அண்ணன் காரோடு வந்திருந்தார். போனில் நான் அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. இரண்டு பேருக்கு இடம் ஒழித்து வைத்திருந்தார். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "நித்யா எங்க?"

வேங்கிக்கால் போய்ச் சேரும்வரை நடந்ததை எல்லாம் சொன்னேன். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கில் கை வைத்தபடியே கத்தினார். "உனக்குப் புத்தி இருக்கா? கூட்டிட்டு வரத்தான உன்னை அனுப்பினோம்? யாரும் பார்க்கல, நீ மட்டும்தான் பார்த்த. கொஞ்சம் வாயை மூடிட்டு நின்னிருந்தா அவ இன்னைக்கு இந்த வீட்ல இருந்திருப்பாளே!"

"இருந்திருப்பாண்ணா" என்றேன். "ஆனா தினமும் அவ மூஞ்சியைப் பார்த்து எப்படிண்ணா சோறு போடறது?"